சண்முகவடிவு நீட்டிய கை

பழைய கார் வாங்கப் போகும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? இன்ஜினையா, டயரையா, சாவி கொடுப்பவளின் நெற்றியையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். இரும்பு வியாபாரி இளவழகன்கூட முதலில் இன்ஜினைத்தான் பார்த்தார்.

அது எழுபத்திரண்டாம் ஆண்டு. மந்தைவெளியில் ஒரு சின்னத் தெரு. அங்கே வேப்பமரத்தடியில் மாணிக்கவாசகத்தின் சாம்பல் நிறக் கார் அநாதையாக நின்றுகொண்டிருந்தது. மாணிக்கவாசகம் மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனை அதிகாரி. நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு காரைத் தொட ஆளில்லை. காக்கைகள் கூரைக்கு வெள்ளையடித்தன. பாட்டரி செத்தது. டயர்கள் இளைத்துத் தரையோடு ஒட்டின.

அவருடைய மனைவி சண்முகவடிவு அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். பிள்ளைகள் இல்லை. ஓட்டத் தெரியாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். செத்தவர் பெயரில் இருக்கும் வண்டியை விற்க முடியாது, சட்டம் அப்படி. வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீஸ், பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று வெயிலில் அலைந்தாள். கடைசியில் வண்டி இவளுடையது என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது. குங்குமம் உண்டா இல்லையா என்று எந்த ஆபீசிலும் யாரும் கேட்கவில்லை. சட்டத்துக்கு இருந்த அந்த அறிவு வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் கரீமுல்லா வந்து பானெட்டைத் திறந்தார்.

"இன்னாமா, இப்டி போட்டு வச்சிக்கீறே? உள்ள எலி குடித்தனம் பண்ணிக்கினு கீது."

"வாடகையை வாங்கிட்டுக் காலி பண்ணச் சொல்லுங்க பாய்."

கரீமுல்லா எலியைக் காலி செய்தார், கடிபட்ட ஒயரை மாற்றினார், புது பாட்டரி போட்டார். கார் இருமிவிட்டுக் கிளம்பியது.

வாங்க வந்த இளவழகனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. சாந்தோம் வரை ஓட்டிப் பார்த்தார். விலை படிந்தது. மாணிக்கவாசகத்தின் தம்பி சுயம்புலிங்கம், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து எல்லாரையும் அண்ணன் வீட்டில் உட்காரவைத்தார். சண்முகவடிவு காப்பி கலந்துகொண்டிருந்தபோது முன்னறைப் பேச்சு சமையலறைக்கு வந்தது.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது சார்," என்றார் இளவழகன். "மேடையிலயே பேசறவன். ஆனா வீட்ல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. சாவியை மட்டும் ஒரு சுமங்கலி கையால..."

"அதை நீங்க சொல்லணுமா? பக்கத்து வீட்டுச் செண்பகத்தை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் சுயம்புலிங்கம்.

பாருங்கள், மேடையில் பேசுகிறவருக்கு நம்பிக்கை இல்லையாம். வீட்டுப் பெண்களுக்காகத்தானாம். அந்தப் பெண்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஆண்களின் மூடத்தனம் எப்போதும் பெண்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

சண்முகவடிவு காப்பியை வைத்துவிட்டுச் சாவியோடு முன்னறைக்கு வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. தலைநிறையப் பூவோடு செண்பகம் வாசலில் நின்றாள். உள்ளே வரவா, திரும்பிப் போகவா என்று அவளுக்கும் தெரியவில்லை.

"வண்டி யாருது சார்?" என்றாள் சண்முகவடிவு.

"உங்களுதுதாம்மா."

"அப்ப சாவியும் என் கையிலேர்ந்துதான் வரும்."

நீட்டினாள். இளவழகன் அந்தக் கையைப் பார்த்தார். வளையல் இல்லாத கை. சாக்பீஸ் தூள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கை. தம் கையை அவர் வேட்டி மடியிலிருந்து எடுக்கவில்லை.

"மதினி, காரியத்தைக் கெடுக்காதிய," என்று சுயம்புலிங்கம் பல்லைக் கடித்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்று இளவழகன் எழுந்தார். போனவர் வரவேயில்லை. பிறகு வந்தவர்களும் அப்படியே. தரகர்களிடம் செய்தி பரவிவிட்டது. வண்டி தங்கம், ஆனால் அந்தம்மா பிடிவாதக்காரி.

கரீமுல்லாவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. "எங்க ஊட்டுக்காரி ஜைதூன் பீய அனுப்பட்டாமா? சாவியும் குடுப்பா, கூடவே நாலு திட்டும் குடுப்பா."

கணவன் போன பிறகு சண்முகவடிவு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "பாய், எனக்கு இதை ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?"

கரீமுல்லா காதைச் சொறிந்தார். "பொடவ கிளட்ச்ல மாட்டிக்குமே..."

"தூக்கிச் செருகிக்கறேன்."

அடையாறு காந்தி நகரில் ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரங்களில் பாடம் நடந்தது. வண்டி தவளை மாதிரி குதித்தது, நின்றது, கீரைக்காரியின் காலிக் கூடையை நசுக்கியது. ஒரு ரிக்‌ஷாக்காரன் பக்கத்தில் வந்து, "புருசன முழுங்கினது பத்தாதா, ரோட்ல கீறவனையும் முழுங்கணுமா?" என்று கத்திவிட்டுப் போனான். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கரீமுல்லா வெளியே பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். பிறகு அவள் முதல் கியரைப் போட்டாள்.

லைசென்ஸ் பரீட்சை நாளில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலத்து வண்டியில் திரும்பவும் நிற்கவும் கைதான் சிக்னல்.

"கையை நல்லா வெளிய நீட்டுங்கம்மா. பின்னால வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?"

கணவன் செத்த நாளிலிருந்து விசேஷ வீடுகளில் முந்தானைக்குள் மறைத்தே பழகிய கை அது. முழங்கை வரை வெளியே போட்டாள். பின்னால் செங்கல் ஏற்றி வந்த லாரி உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் வளையலைத் தேடவில்லை. கையைப் பார்த்தான், பிரேக்கை மிதித்தான். அவ்வளவுதான் விஷயம். அன்று அவள் லைசென்ஸ் வாங்கினாள்.

அடுத்த தையில் சுயம்புலிங்கத்தின் மகள் மீனாட்சிக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று விடிவதற்குள் சண்முகவடிவு தன் காரிலேயே தி.நகர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒதுக்கிய இடம் தெரியும். பின்பக்கத்து மளிகை அறை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

பெண்ணைத் தேனாம்பேட்டை மண்டபத்துக்கு அழைத்துப் போக, பூ ஜோடித்த வாடகைக் கார் வர வேண்டும். அது பனகல் பார்க் பக்கம் ரேடியேட்டர் பொங்கி நின்றுவிட்டது என்று ஆள் ஓடி வந்து சொன்னான். வீட்டிலிருந்த மற்ற வண்டிகளெல்லாம் முன்பே மண்டபத்துக்குப் போயிருந்தன. மீதி இருந்தது ஒன்றுதான்.

சுயம்புலிங்கம் மளிகை அறை வாசலில் வந்து நின்றார். பட்டு வேட்டி, வியர்வை.

"மதினி, உங்க வண்டிச் சாவி வேணும். கடை டிரைவர் ஓட்டிக்கிடுவான்."

"தாராளமா எடுத்துக்கோங்க தம்பி." இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவருடைய கை பாதி எழுந்து நின்றது. "அந்த அரிசி மூட்டை மேல வச்சிருங்க. நான் எடுத்துக்கிடுதேன்."

வைத்திருக்கலாம். ஒரு சாண் தூரம். வைக்காவிட்டால், முகூர்த்தம் தவறினால், சாகும்வரை அந்தப் பழி அவள் தலையில். கண்முன் வளர்ந்த பெண்ணின் கல்யாணம். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் கை இறங்க மறுத்தது.

"அரிசி மூட்டைக்கு லைசென்ஸ் இல்ல தம்பி," என்றாள்.

"விளையாடுத நேரமா இது?"

சத்தம் கேட்டு மீனாட்சி வந்தாள். கூரைப் புடவைக்கு இன்னும் மாறவில்லை; காஞ்சிப் பட்டு, கழுத்து நிறைய நகை. நீட்டிய கையையும் நீட்டாத கையையும் மாறிமாறிப் பார்த்தாள். விஷயம் அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டில்தானே வளர்ந்தாள்? நேராக வந்து பெரியம்மாவின் கையிலிருந்து சாவியை எடுத்தாள். மறுபடி அதே உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்களே ஓட்டுங்க பெரியம்மா. நான் முன்னாடி உக்காந்துக்கிடுதேன்."

"ஏட்டி, மீனாட்சி!"

"நேரமாவுது அப்பா. திட்டணும்னா வண்டியில ஏறித் திட்டுங்க."

சுயம்புலிங்கம் ஏறினார். பின்சீட்டில் வாழைப்பழச் சீப்புகளுக்கும் ஒரு அத்தைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு வந்தார். மவுண்ட் ரோட்டில் திரும்பும் இடத்தில் சண்முகவடிவின் கை வெளியே நீண்டது. பின்னால் வந்த பஸ் நின்று வழி விட்டது. முகூர்த்தம் தவறவில்லை.

சுயம்புலிங்கம் அன்றே திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு வந்ததும், "மதினி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா..." என்றார். மீனாட்சி இன்று கோட்டூர்புரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். புருஷன் பெண்டாட்டி சண்டை வருகிறது, சரியாகிறது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்கள்தான் காரணம், சாவியை நீட்டிய கை அல்ல.

இப்போது சண்முகவடிவுக்குக் கண்புரை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இனி ஓட்ட வேண்டாம் என்று அவளே தீர்மானித்து, வண்டியை மறுபடி விலைக்கு விட்டிருக்கிறாள். கரீமுல்லா பளபளவென்று துடைத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்.

போய்ப் பாருங்கள். இன்ஜினைப் போட்டுக் கேளுங்கள், டயரை உதைத்துப் பாருங்கள், பேரம் பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். இந்த வண்டியானாலும் சரி, வேறெந்த வீட்டு வண்டியானாலும் சரி, பிடித்துப்போய் அந்த வீட்டம்மா சாவியை நீட்டும்போது, மேசை மேல் வைக்கச் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்கள் கையை நீட்டுங்கள்.