எவர்ட்டின் நெஞ்சில் முளைத்த பூஞ்சை

பிரேஸண்ட் ஊர்ப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாகத் துலிப் கிழங்கு பயிரிட்ட எவர்ட் லாங்கெஃபெல்டுக்கு, தன்னைத் தவிர மற்ற எல்லோரும் அரைகுறைகள். கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவன் பயந்தாங்கொள்ளி. மருந்தே தெளிக்காமல் பூ வளர்க்கிறவன் பணக்காரன் அல்லது பைத்தியம். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களோ, மழைக்காலத்தில் வயலுக்கு வெள்ளைச் செருப்புப் போட்டு வருகிற கூட்டம்.

இலையுதிர் காலத்தில் கிழங்குகளை வலைப்பெட்டிகளில் அடுக்கி, பூஞ்சைக்கொல்லி கரைத்த தொட்டியில் முக்கி எடுத்து, பிறகு நடுவார். அழுகல் வராமல் இருக்க அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். தோலும் தண்டும் அழுகிய கிழங்குமாகக் கழிவதைக் கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் குவித்து வைப்பார். அது ஆவி விட்டுக்கொண்டு மக்கும்.

ஒரு அக்டோபரில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து அந்தக் குவியலில் இரண்டு கைப்பிடி கேட்டாள். மருந்துக்குத் தப்பிய பூஞ்சை அதில் வளர்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

"ரெண்டு கைப்பிடி எதுக்கும்மா, ஒரு வண்டி எடுத்துக்கோ. உங்க புரொபசருக்குப் பொறந்தநாள் வந்தா கேக்குக்குப் பதிலா வெச்சுக் கொடு" என்றார் எவர்ட்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு பைகளில் அள்ளிக்கொண்டு, விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனாள். இந்த நகைச்சுவையை எவர்ட் அடுத்த மூன்று வாரம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மனைவி நேல்ச்சே பதினோரு முறை கேட்டாள்.

ஜனவரியில் அவருக்கு ஃப்ளூ வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டவர்களிடம், அது முதியோர் இல்லத்துக்காரர்களுக்கு என்று சொல்லியிருந்த அறுபத்துமூன்று வயதுக்காரர் அவர். ஐந்தாம் நாள் உதடு நீலமாகி, நேல்ச்சே ஆம்புலன்ஸை அழைத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு விடக் குழாய் போட்டார்கள். ஃப்ளூ அரித்த நுரையீரலில் பூஞ்சை குடியேறியிருந்தது தெரிந்ததும், அதற்கென்று இருக்கும் முதல் மருந்தைக் கொடுத்தார்கள். ஆறு நாள் கொடுத்தும் அது அசையவில்லை. சோதனைச்சாலை முடிவு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பூஞ்சைக்கு அந்த மருந்து வெறும் தண்ணீர்.

வேறொரு பழைய மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது பூஞ்சையை மடக்கியது. போகிற போக்கில் சிறுநீரகத்தையும் பாதி மடக்கிவிட்டுப் போனது.

பேச்சு திரும்பியபின் டாக்டர் தெர்ஹோர்ஸ்ட் அம்மாள் கட்டில் அருகில் உட்கார்ந்து விளக்கினார். கிழங்குக்குப் போடும் மருந்தும் முதலில் மனிதருக்குக் கொடுத்த மருந்தும் ஒரே குடும்பம். வயலிலும் குப்பையிலும் அந்த மருந்தில் ஊறிப் பிழைத்த பூஞ்சை காற்றில் பறந்து நெஞ்சுக்குள் வரும்போது, நாங்கள் கொடுப்பதைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

எவர்ட்டுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. ஏளனத்துக்கு மட்டும் தெம்பிருந்தது. "பூவுக்குப் போடுற மருந்தைத்தான் எனக்கும் போட்டீங்களா? அப்ப ஏப்ரல்ல நான் பூத்துடுவேன்" என்று கரகரத்தார்.

நேல்ச்சே கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அந்த மாணவி அனுப்பியது, அவர் மயக்கத்தில் கிடந்தபோது வந்தது. எவர்ட்டின் குவியலில் எடுத்த பூஞ்சையில் மூன்றில் ஒரு பங்கு அதே மருந்துக்கு அடங்காதது என்று எழுதியிருந்தது.

"கேக்குக்குப் பதிலா குடுத்தியே, அதோட ரிசல்ட்டு. உனக்குத்தான் முதல் துண்டு வெட்டியிருக்காங்க" என்றாள் நேல்ச்சே.

நெஞ்சில் முளைத்தது எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, காற்று முகவரி எழுதிக்கொண்டு வருவதில்லை என்றார் டாக்டர். எவர்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மணவாழ்க்கையில் அப்படியொரு மாலைப்பொழுதை நேல்ச்சே கண்டதில்லை.

கிளம்பும் நாளில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். புதிய வழியில் பூஞ்சையைத் தாக்கும் ஒரு மருந்து மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது, அதே வழியில் வேலை செய்வதை வயலுக்கும் தயாரிக்கிறார்கள் என்று கேள்வி, வயலில் பூஞ்சை அதற்கும் பழகிவிட்டால் இதுவும் வெறும் தண்ணீர், அதுதான் பயம்.

செப்டம்பரில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளன் பளபளக்கும் படங்களைத் திரையில் ஓடவிட்டு, அழுகலை அடியோடு ஒழிக்கும் புத்தம்புதிய பூஞ்சைக்கொல்லி வந்துவிட்டது என்றான். இதுவரை எந்தப் பூஞ்சையும் பார்த்திராத தாக்குதல் முறையாம். பின்வரிசையில் எவர்ட் மெதுவாக எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பக் காத்திருந்தார்.

"தம்பி, இந்த மருந்தோட அண்ணனோ தம்பியோ யாராவது ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்களா?"

 அது தன் துறை இல்லை, விசாரித்துச் சொல்வதாக விற்பனையாளன் சொன்னான்.

"உன் துறை இல்லைன்னு தெரியும். அது என் துறை. நான் நாலு வாரம் அதுல படுத்துக் கிடந்தேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஃப்ளூ எவர்ட்டின் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னான். போன வருடம் வேறு யாராவது அப்படி எழுந்து நின்றிருந்தால், அதைச் சொல்லிச் சிரித்திருக்கும் முதல் வாய் எவர்ட்டுடையதாகத்தான் இருந்திருக்கும். அது அவருக்கே தெரிந்தது. காது சிவக்க உட்கார்ந்தார்.

புது மருந்து வாங்க எட்டுப் பேர் அன்றே பெயர் கொடுத்தார்கள். எவர்ட் கொடுக்கவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாதி நிலத்தில் மட்டும் நட்டார். மே மாதம் அழுகல் வந்த செடிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கினார். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. டிராக்டரில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, இப்படிப் பிடுங்கினால் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார்கள். எவர்ட் நிமிர்ந்து, கையுறையைச் சரிசெய்துகொண்டு, அவரவர் குடும்பத்தையும் டிராக்டரையும் சேர்த்து முறைப்படி ஏசி அனுப்பினார்.