அம்மாவும் நானும் போன மீட்டிங்

சத்துமாவில் வெந்நீர் ஊற்றிப் பிசையும்போது ஒரு வாசம் வரும். வறுத்த பயறும் வெல்லமும் கலந்து, லேசாகத் தீய்ந்த மாதிரி...

பள்ளிபாளையத்தில் எங்கள் தெரு அங்கன்வாடியில் அந்த வாசத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த சமயம். வளரிளம் பெண்களுக்கு மீட்டிங். நர்ஸம்மா சத்து மாத்திரை கொடுப்பார், நாப்கின் பற்றிப் பேசுவார், நாங்கள் தலையைக் குனிந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வோம். அன்றைக்குக் கர்ப்பிணிகளையும் சேர்த்தே வரச் சொல்லியிருந்தார்கள்.

"வயசுப் புள்ளைங்கெல்லாம் இந்தப் பக்கம் உக்காருங்க. மாசமா இருக்கறவங்க சன்னலோரமா வாங்க" என்றார் நர்ஸம்மா.

கடைசியாக அம்மா உள்ளே வந்தாள். என்னைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் சன்னலோரம் உட்கார்ந்தாள்.

தெரியாமல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்திலிருந்த தோழி என்னை முழங்கையால் இடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தேதான் நடந்தோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேசாததற்கு அந்தச் சத்தம் நல்ல சாக்காக இருந்தது.

எனக்கு எதுவுமே விளங்கவில்லை. என் வயதில் பெண் இருக்கிறவளுக்குக் குழந்தை பிறக்குமா? பிறக்கலாமா? ஸ்கூலில் டீச்சர் அந்தப் பாடத்தை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார். அம்மா மேல் எனக்குக் கோபமா, வெட்கமா, பாவமா... பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

அடுத்த மீட்டிங்குக்கு அம்மா வரவில்லை.

"புள்ளையும் நானும் ஒரே வரிசைல நின்னு மாத்திரை வாங்கோணுமாக்கும்" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. செக்கப்பையும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாள்.

நான் மட்டும் போனேன். அன்று நர்ஸம்மா சன்னலோரம் இருந்தவர்களிடம்தான் பேசினார். எங்கள் பக்கம் பாதிப் பேர் கவனிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காலு, மூஞ்சி வீங்கறது, தலவலி உடாம இருக்கறது, கண்ணு மங்கறது... இதுல எது இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்தரோணும்."

அம்மாவுக்குக் கால் வீங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் நாள் முழுக்க உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. அப்படி உட்கார்ந்தால் யாருக்கும் கால் வீங்காதா? நர்ஸம்மா சொன்ன வீக்கம் இதுதானா, வேறா? அம்மாவிடமே கேட்டேன்.

"உக்காந்தே கெடந்தா வீங்கத்தாஞ் செய்யும். போயிப் படி அம்மணி" என்றாள்.

அப்பாவிடம் சொல்லலாமா? இதை எப்படி ஒரு அப்பாவிடம் சொல்வது? பெரிய விஷயமாக்கி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா அறுந்த நூலை முடி போட முயன்றுகொண்டிருந்தாள். விரல்கள் நூலுக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தன. மறுபடியும் காற்றை.

"அந்த லைட்டப் போடு சாமி. ஒரே இருட்டா இருக்குது."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது.

வீட்டை ஒட்டியிருந்த எங்கள் தறிக்கூடத்துக்கு ஓடினேன். சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். பகலில் எங்கள் வீடு அப்படி அமைதியாகி நான் கேட்டதே இல்லை.

ஆட்டோவில் பாலம் தாண்டி ஈரோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பிரஷர் பார்த்த சிஸ்டர் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த மீட்டிங்குக்கு அப்புறம் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அல்லது நான் தொட விடவில்லையா... இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். மாதம் நிறையாத பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் நிழல், பிறகு முகம்.

"நீயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு நான்தான் இடுப்பிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் யாராவது "உங்க பாப்பாவா?" என்று கேட்டால் சமயத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று தெரியாது.

அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்கூலில் டாக்டர் வந்து பேசியதை எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பீரியட்ஸ், ஹீமோகுளோபின் என்று அப்பா எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவும் "அப்பிடியா" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்கிறார். அதே வீடுதானா என்று இருந்தது. சந்தோஷம்தான்... கொஞ்சம் பொறாமையும்.

திடீரென்று என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நான் வாரேன்னு தெரிஞ்சப்ப ஊட்டுல ஆருமே சிரிக்கலையா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அப்பாதான் சொன்னார்.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டே இருந்தோம் சாமி. சிரிக்கோணும்னு ஆருக்கும் தோணவே இல்ல."