சரோஜான்னு யாரும் இல்லன்னுட்டாங்க

ஒரகடத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் நானும், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட என் மனைவி சரோஜாவும் மட்டும் இருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி தரும் அரசு சேவைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பெயரைப் பதிந்தேன். நாள்தான் போயிற்று, யாரும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

“நாங்க வந்தோமே பெரியவரே. வூடு பூட்டிக் கெடந்துது. பக்கத்து ரூம்ல கேட்டா, சரோஜான்னு யாரும் இல்லன்னுட்டாங்க. பேரை எடுத்துட்டோம்” என்றார் நர்ஸ்.

மருந்து வாங்கப் போகும்போது நான்தான் வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அக்கம்பக்கத்து அறைகளில் எல்லாம் கம்பெனி ஆட்கள். ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார்கள். நானும் அவர்களிடம் பேசியதில்லை. நர்ஸ் வாசலில் நின்று விசாரித்த பேச்சு முழுவதும் உள்ளே படுத்திருந்த சரோஜாவின் காதில் விழுந்திருக்கும். அவளால் குரல் கொடுக்க முடியாது.

அன்று அவள் உள்ளேதான் படுத்திருந்தாள் என்று நர்ஸிடம் சொன்னேன். “நீங்க வூட்டுக்குப் போங்க. சாயந்தரம் நானே வரேன்” என்றார் அவர். சொன்னபடியே வந்தார். வாராவாரம் வருகிறார்.

இப்போது பக்கத்து அறைக்கு யார் புதிதாக வந்தாலும் கதவைத் தட்டி, உள்ளே என் மனைவி இருக்கிறாள் என்று சொல்லிவைக்கிறேன். சில மாதங்களில் அவர்கள் காலி செய்துகொண்டு போய்விடுகிறார்கள். அடுத்து வருகிறவர்களிடம் மறுபடியும் போய்ச் சொல்கிறேன்.