நல்ல காலை முதலில் பார்த்தவர்

பெரகல சந்தியில் பதுளை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. டொக்டர் பரமசாமி கொழும்பில், மகளின் வீட்டில் காலமாகிவிட்டார் என்றார்கள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றமாகி மலைநாட்டிலுள்ள எங்கள் மிருக வைத்திய அலுவலகத்துக்கு வந்தவர் அவர். இந்தக் குளிருக்கு ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று பேசிக்கொண்டோம். ஓய்வுபெறும்வரை இருந்தார். நான் அங்கே கால்நடை உத்தியோகத்தர். நாய்களின் வாயைக் கட்டிப் பிடிக்கும் வேலையும் எப்படியோ என் தலையில்தான் விழுந்தது.

மாடுகளுக்குச் சினை பார்க்க ஒரு ஸ்கேன் மெசின் கொடுத்திருந்தார்கள். டொக்டர் அதை நொண்டும் நாய்களின் தோளில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். தசைநார் வீங்கினால் காட்டாது. தேயிலைத் தோட்டத்து நாய்கள் வடிகால் கான் தாண்டி, மேட்டிலிருந்து குதித்து அதைத்தான் கெடுத்துக்கொள்ளும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் உடனே காய்ச்சிய கம்பியால் தோளில் சூடு போட்டுவிடுவார்கள். நொந்த காலுக்கு மேல் வெந்த புண்ணோடு அவை எங்களிடம் வரும்.

டொக்டரோ இரண்டு தோளிலும் மயிரை மழித்து, ஜெல் பூசி, நல்ல காலைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் வராத சண்டை இல்லை. படித்த டொக்டருக்கு எந்தக் கால் நொண்டுகிறதென்றே தெரியவில்லை என்று வாசலில் நின்று சிரிப்பார்கள். சமாதானம் சொல்லி அலுத்தவள் நான்.

நமுனுகுலவிலிருந்து முத்தம்மா வந்ததும் அப்படித்தான். கொழுந்து எடுப்பவர், தனி ஆள். துணைக்கு மணி என்ற நாய் மட்டும். முன்னங்கால் வலியில் அது யாரையோ கடித்துவிட, லயத்துக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டாராம். ஊசி போட்டுக் கொன்றுவிடும்படி கேட்கத்தான் வந்திருந்தார். கேட்கும்போதே மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று டொக்டர் மெசினை எடுத்து நல்ல பக்கத் தோளில் வைத்தார்.

"நொண்டுற காலு அது இல்லீங்கய்யா."

"தெரியும் அம்மா. நல்ல கால் எப்பிடி இருக்கெண்டு பார்த்தால்தானே மற்றதில என்ன பிழையெண்டு விளங்கும்."

பிறகு நொண்டும் காலைப் பார்த்தார். தசைநாரைச் சுற்றிக் கறுப்பாக நீர் கோர்த்திருந்தது. திரையை முத்தம்மாவின் பக்கம் திருப்பி இரண்டையும் காட்டினார். மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம், நொண்டல் நின்றாலும் அவிழ்த்துவிடக் கூடாது என்றார். லயத்தில் கட்டிவைக்க வழியில்லை. டொக்டரே மணியைத் தன் குவாட்டர்ஸின் பின்பக்கம் கட்டிவைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் முத்தம்மா சோற்றுப் பொட்டலத்தோடு வருவார். கடைசியில் மணி நாலு காலையும் ஊன்றி லயத்துக்குத் திரும்பியது. கங்காணியும் தடுக்கவில்லை.

சில வருடங்களில் அதே முன்னங்கால் மீண்டும் நொண்டியது. முத்தம்மா இம்முறை கலங்கவில்லை. ஐயா கட்டிவைத்துச் சரிசெய்துவிடுவார் என்று புதுக்கயிறும் வாங்கி வந்திருந்தார்.

டொக்டர் வழக்கம்போல நல்ல காலைப் பார்த்தார். மற்றதற்குப் போனதும் கை நின்றது. வெள்ளைக் கோடாகத் தெரியவேண்டிய எலும்பு அரித்துப்போய், மேலே கட்டி வளர்ந்திருந்தது. இது ஆறாது என்று எனக்கே விளங்கிவிட்டது. அன்றைக்கும் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். முத்தம்மா இரண்டு காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எத்தன நாளைக்குங்கய்யா கட்டிவைக்கணும்?"

டொக்டர் அந்தப் புதுக்கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கட்ட வேண்டாம் அம்மா. இனி அவிட்டு விடுங்கோ. விரும்பின இடமெல்லாம் போகட்டும். நோவுக்கு மருந்து தாறன். தாங்கமாட்டாதெண்டால் கொண்டு வாங்கோ, நான் பக்கத்தில இருப்பன்."

சொன்னபடியே, அந்த நாள் வந்தபோது அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் ஊசியைப் போட்டார். பிறகு முத்தம்மாவின் பக்கத்திலேயே, அவர் எழுந்திருக்கும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார்.

போய்வாருங்கள், டொக்டர். உங்கள் பக்கத்தில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தார்களா என்று மகளிடம் கேட்கவேண்டும்.