சின்னம்மாவும் பிரித்தானியப் பேய்களும்

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வரும். நகமெல்லாம் பச்சை. அந்த இடம் வந்ததும் சின்னம்மா சோபாவில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, "வாறார், வாறார்" என்பார், வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல. கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இரண்டாம் மாடியில் இருந்த வீட்டில், சனிக்கிழமை மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அவரும் நானும் பழைய பிரித்தானிய ஸோம்பிப் படங்கள் பார்ப்போம். கல்லறைகள் கடதாசி மட்டையால் செய்தவை என்று பார்த்த உடனேயே தெரியும். இரத்தம் பெயின்ட் நிறத்தில் இருக்கும். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்கிற வேலை. சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு. நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அவரோடு தங்கியிருந்தேன். படங்களை வாடகைக்கு எடுத்து வருவது என் வேலை. சின்னம்மாவின் பத்து வயது மகளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் படம் தொடங்கும்.

அமெரிக்கப் படங்கள் அவருக்கு ஆகாது. செத்தவர்கள் கூட்டமாக வந்து கடிப்பார்கள், மற்றவர்கள் சுடுவார்கள், அவ்வளவுதான். பிரித்தானியப் படத்திலோ ஓர் ஊர் இருக்கும், மூடுபனி இருக்கும், ஊருக்குப் புதிதாக ஒரு டாக்டர் வருவார். செத்தவர்கள் ஆறுதலாக நடந்து வருவார்கள். அடுப்பில் கறியைக் கிளறிவிட்டு வந்து பார்த்தாலும் இன்னும் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். வருகிறவர் யாரோ ஒருத்தியின் கணவனாக இருப்பார், அவள் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வாள். "இவங்கட பேய்களுக்கு வீட்டு ஆக்கள் இருக்கு" என்பார் சின்னம்மா. அந்தப் படங்களைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டாக்டர் கல்லறையைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கும் காட்சியில் மட்டும் அவர் பகிடி விடமாட்டார். "பாத்தியே, கண்ணால காணாமல் நம்புறானில்லை. படிச்ச மனுசன்." அவருடைய கணவர், என் சித்தப்பா, போர்க் காலத்தில் மன்னாரில் மருந்து வாங்கச் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, சைக்கிளும் இல்லை. மகளோடு கனடா வந்து ஆறு வருடமாகியும், எந்தப் படிவத்திலும் சின்னம்மா தன்னை விதவை என்று எழுதியதில்லை.

நவம்பர், கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஞாயிறு தமிழ்ப் பூசையில் ஃபாதர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டார் ஒருவர் எழுந்து போய் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அந்த வருடம் எங்கள் குடும்பத் தாளை நான்தான் நிரப்பினேன். தாத்தா, பெரியப்பா, அதன் கீழே சித்தப்பா. எல்லாம் விளங்கினவள்போல, எத்தனை காலத்துக்கு அவருடைய ஆத்துமா செபமில்லாமல் கிடப்பது என்று நினைத்தேன். ஞாயிறு சின்னம்மாவுக்கு வேலை. ஓசைப்படாமல் நானே திரியைக் கொளுத்திவிடலாம் என்பது என் கணக்கு.

சித்தப்பாவின் பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்தேன். கடைசி வாங்கில், கழற்றாத குளிர்க்கோட்டோடு சின்னம்மா உட்கார்ந்திருந்தார். யாருடனோ வேலையை மாற்றிக்கொண்டு பூசைக்கு வந்திருக்கிறார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் வராததால் ஃபாதர் இரண்டாம் முறையும் அந்தப் பெயரை வாசித்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்த சின்னம்மா கோபிக்கவில்லை, வழக்கம்போல எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்தார். நாலைந்து திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை, ஒன்றும் நடக்காததுபோல, ஒரு புதுப் படத்தோடு வந்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உந்தப் படத்தைக் கொண்டுபோய்க் குடு பிள்ளை. இவ்வளவு காலமும் அவர் கனவில வந்தால், கடைக்குப் போயிட்டு வாற மாதிரித்தான் வருவார். சேட்டுப் பொக்கற்றில மருந்தெழுதின துண்டு இருக்கும். ஃபாதர் பேர் வாசிச்ச நாளில இருந்து செத்துத்தான் வாறார்."

படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டால் சித்தப்பா செத்துவிட்டதை இன்னொரு தரம் நானே சொன்னதாகிவிடும் என்று பயமாக இருந்தது.

இப்போது சின்னம்மா நகரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில், மகளின் வீட்டில் இருக்கிறார். அந்தப் படங்கள் எல்லாம் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. நான் தனியாகப் பார்க்கிறேன், பாதியில் நிறுத்திவிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து அவரிடம் போவேன். தேத்தண்ணி தருவார், வேலையைப் பற்றிக் கேட்பார், பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பதைச் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பா இப்போது கனவில் எப்படி வருகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்க நினைக்கிறேன். கேட்காமலே பஸ் ஏறிவிடுகிறேன்.