கணப்பின் வலது கால்

பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்தது என்னால். அது நிலக்கரிச் சுரங்கத்தால் வெடித்தது என்று பொய் சொன்னவனும் நான்தான். இரண்டாவதுதான் பெரிய பிழை.

நாங்கள் இருப்பது ஜேர்மனியின் ஹம் நகரில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக முன்பு கட்டிய இரட்டை வீடொன்றின் ஒரு பாதியில். மறுபாதி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவருடையது. பேக்கரியில் வேலை, என்னைவிட இருபது வயது இளையவர். இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் நடுச்சுவரில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தூணாகக் கூரைக்கு மேலே போகின்றன.

நான் இலங்கையில் கட்டடப் பொறியியல் படித்தவன். அந்தப் பட்டம் இங்கே செல்லவில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். ஆனாலும் ஊன்ட்றொப் கோயிலில் எங்கள் ஆட்கள் என்னை ‘இஞ்சினியர் அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஓய்வு பெற்ற வருடம், கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். அது நடுச்சுவரிலிருந்த பழைய கணப்பின் வாயைவிட அகலம். வாயை அகட்ட வேண்டியிருந்தது. வாய்க்கு மேலே இருக்கும் செங்கல் வளைவு அழகுக்கு வைத்ததல்ல. புகைபோக்கியின் பாரத்தை அதுதான் இரண்டு பக்கத்துக் கால்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு காலைக் கொத்தினால் அந்தப் பாரம் நிற்க இடமில்லை. முதலில் மேலே முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு நீளமான உத்தரம் வைத்து, அதன் இரு முனைகளும் நல்ல சுவருக்குள் ஒரு சாணாவது போய் உட்காரச் செய்ய வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பாரத்தைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட ஸ்டாட்டிக்கர் என்ற பொறியியலாளர் வேண்டும், புகைபோக்கிப் பரிசோதகரும் வந்து பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். நான் படித்த படிப்பை இன்னொருவர் சரிபார்ப்பதா என்ற வீம்பு. முட்டுக் கொடுக்காமலே வலது காலில் ஒரு கல் அகலம் கொத்தினேன். உத்தரமாக வைத்த கோண இரும்பு நீளம் குறைவு. ஒரு முனை இரண்டு விரல் அளவுதான் சுவருக்குள் இருந்தது. சாந்து பூசி மறைத்தேன்.

ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர்களுடைய மேல்மாடிப் படுக்கையறையின் நடுச்சுவரில், கல் இடுக்குகள் வழியே படிப்படியாக ஏறிய வெடிப்பு. விரலை வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“இது சுரங்க வேலை. நிலம் தாழுது” என்றேன்.

இந்தப் பகுதியில் எந்த வெடிப்புக்கும் முதலில் வாயில் வருகிற காரணம் அது. அவர் அப்படியே நம்பினார். அவருடைய மனைவி மட்டும் என்னைப் பார்த்து, “அண்ணையின்ர நிலம் படிச்ச நிலம் போல, அது தாழேல்லை” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சுரங்கக்காரரிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்தத் தெருவுக்குக் கீழே சுரங்கம் போகவேயில்லை என்று மறுமொழி வந்தது. அவர்கள் மறைக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். புருஷனும் மனைவியும் படுக்கையறையை விட்டு ஹோலில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினார்கள்.

மறு வருடம் அவர் வந்து, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்க விரும்பியவர்களுக்கு வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை டெர்மின் கொடுத்திருந்தார்.

“ஒளிச்சு விக்க மனம் வரேல்லை அண்ணை. நிலம் தாழுது எண்டு வாறவைக்குச் சொல்லவேணும். என்ர டொச்சுப் பாஷை காணாது. நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ.”

உண்மையைச் சொல்ல அவர் என்னைக் கூப்பிட்டார். நான் அவரை என் வீட்டுக்கு அழைத்துப் போய், உளியால் பூச்சைத் தட்டி எடுத்து, இரும்பின் முனையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து, சுவருக்குள் இருந்த அளவை விரல் வைத்துப் பார்த்தார்.

“ஒரு வருசமா நாங்கள் ஹோலில படுக்கிறம்” என்றார். போய்விட்டார்.

அன்றே இரும்பு முட்டுகளை வாடகைக்கு எடுத்து நிறுத்தினேன். ஸ்டாட்டிக்கராக வந்தது ஓர் இளம் பெண். இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான்தான், தெரிந்துகொண்டே செய்தேன் என்றேன். அவர் நிமிராமல் எழுதிக்கொண்டார். அவருடைய கணக்கின்படி ஆட்கள் வந்து சரியான உத்தரம் வைத்தார்கள். சுரங்கக்காரருக்கும் உண்மையை எழுதினேன். நிலம் தாழ்கிறது என்ற கதை கோயில்வரை போயிருந்தது. தேருக்கு வந்தவர்களிடம், அது என் பொய் என்று நானே சொன்னேன்.

பக்கத்து வீட்டார் அந்த டெர்மினை ரத்துச் செய்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. சுவர் இன்னும் அசைகிறதா என்று அறிய ஸ்டாட்டிக்கர் பெண் வெடிப்பின் குறுக்கே ஜிப்சம் சாந்து அப்பித் திகதி எழுதியிருந்தார். அசைந்தால் அது உடையும். அது அவர்கள் அறையில் இருந்தது; கேட்க எனக்கு வாயில்லை. ஒரு ஞாயிறு, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி வேலிக்கு அப்பாலிருந்து, “உடையேல்லை” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு சொல் வந்தது.

பனி கழிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரே வந்து என் கதவைத் தட்டினார். வெடிப்பை அடைக்க வரச் சொன்னார்.

“இந்தமுறை நான் பாத்துக்கொண்டு நிப்பன், அண்ணை.”

முழு நாளும் நின்றார். நான் போதும் என்ற இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் அடையுங்கோ என்றார். அடைத்தேன்.