சார் வந்தால் நிற்கும் புரோகிராம்

குரோம்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அவசர போன். அப்போது தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் பிழைப்பு. போய்ப் பார்த்தால் தேர்வுப் பிரிவே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ரிசல்ட் ஒட்ட வேண்டும். மார்க் கணக்குப் போடும் புரோகிராமோ காலையிலிருந்து பாதியில் நின்று நின்று உயிரை வாங்குகிறது.

அதை எழுதியவர் ரெஹானா, தற்காலிக ஆபரேட்டர். விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டாப்பில் ஒரு கறுப்பு விண்டோ. படம் கிடையாது, பட்டன் கிடையாது. பதிவு எண்கள் மட்டும் வரிசையாக ஓடும். எனக்கு அந்த மாதிரி புரோகிராம் என்றால் தனிப் பிரியம். வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியுமே!

"இன்னொரு தடவ நின்னா வேலைய வெளிய குடுத்துடுவேன். இந்தம்மா நாளைல இருந்து வர வேணாம்" என்றார் தேர்வுப் பிரிவு சூப்பரின்டெண்டென்ட், அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே. ரெஹானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுபடி ஓடவிட்டோம். ஜோராக ஓடியது. சூப்பரின்டெண்டென்ட் வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுவரைக்கும் வந்துச்சு?"

"இதோ சார்" என்று ரெஹானா ஓடும் எண்ணின் மேல் மௌஸால் ஒரு கிளிக் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பியூன் தேசிங்கு என் காதைக் கடித்தார்: "அவரு வந்தாதான் நிக்குது சார். அவரு ராசி அப்டி கீது!"

சிரித்தேன். சட்டென்று பொறி தட்டியது. "ஏம்மா, விரலால காட்டலாமே?"

"புது மானிட்டர் சார். கை பட்டா அழுக்காயிடும்னு சார் ஆர்டர்."

விண்டோவின் தலைப்பில் 'செலக்ட்' என்று இருந்தது. விண்டோவில் இருப்பதை மௌஸாலேயே காப்பி எடுக்க வசதியாக யாரோ 'குயிக் எடிட்' என்ற செட்டிங்கை டிக் செய்து வைத்திருக்கிறார்கள். அது இருந்தால், உள்ளே ஒரு கிளிக் விழுந்ததும் புரோகிராம் அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். இவர்கள் ஹேங் என்று நினைத்து மூடி மூடித் திறந்திருக்கிறார்கள். கீபோர்டைத் தொட்டால் மார்க் மாறிவிடுமோ என்று பயம் வேறு! எஸ்கேப்பைத் தட்டினேன். எண்கள் கடகடவென்று ஓடின. "யா அல்லாஹ்!" என்று ரெஹானா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

சூப்பரின்டெண்டென்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இப்ப எதுவரைக்கும்?" என்று அவரே மௌஸை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்!"

ரெஹானா போட்ட சத்தத்தில் மனுஷர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடைசி எண் ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். ரிசல்ட் சொன்ன நேரத்துக்கு ஒட்டியாயிற்று.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்வேன். புரோகிராம் நின்றால் உடனே அதன் கோடிங்கைத் திறக்காதீர்கள். நிற்கும்போது பக்கத்தில் யார் இருந்தார், என்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள்.

நான் கிளம்பும்போது சூப்பரின்டெண்டென்ட் தொண்டையைச் செருமினார். "ரெஹானா மேடம், அடுத்த செமஸ்டருக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஓடும்போது இந்த ரூமைப் பூட்டி வைக்கணும் சார்."

"நான் உள்ளயா, வெளியயா?"

"வெளிய சார்."